கிராணி பதில்கள்: பெரிய மேசையில் பேசியது எந்தக் கவுண்டருக்கு வந்தது?

ஜொகானஸ்பர்க்கில் நடந்த, பெரிய பொருளாதார நாடுகளின் ஜி20 மாநாட்டுக்கு நம் மலேசியப் பிரதமர் போய் வந்ததிலிருந்து கடிதங்கள் குவிகின்றன. சுங்க வரி, பார்சல், வெளியூரிலிருந்து வரும் சாமான் என்று வழக்கமாகக் கேட்பவர்கள்கூட உலகப் பொருளாதாரம் கேட்கிறார்கள். சரி, இந்த மாதப் பக்கத்தை அதற்கே விட்டுவிடுவோம். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை. பட்டர்வொர்த்தில் ஒரு ஃபார்வர்டிங் கம்பெனியில் கப்பல் பத்திரம் பார்த்த கிராணி, அதாவது குமாஸ்தா, இப்போது ஓய்வில். எந்த அறிக்கையைக் கையில் எடுத்தாலும், இது எந்தக் கவுண்டருக்கு, எந்தப் பாரத்தில், எந்தத் தேதியில் வரும் என்றுதான் என் கண் தேடும். பதில்களும் அந்தப் புத்தியோடுதான் இருக்கும்.

கே: இந்தோனேசியா ஜி20-ல் இருக்கிறது. நாம் ஏன் இல்லை? நாம் என்ன அவ்வளவு சின்ன நாடா?
*ஓய்வுபெற்ற ஆசிரியர், சுங்கைப்பட்டாணி*

ப: வாசல்வரை போனோம் சார். 1997 ஜூலையில் தாய்லாந்தின் பாட் சரிந்தது, பின்னாலேயே நம் வெள்ளியும் (ரிங்கிட்) விழுந்தது. 1998 செப்டம்பரில் ஒரு டாலருக்கு 3.80 என்று கட்டிப்போட்டார்கள். அது 2005 ஜூலை வரை நின்றது. அந்த நெருக்கடியைப் பேச 1998-ல் அமெரிக்கா வாஷிங்டனில் ஒரு கூட்டம் கூட்டியது. பெயர் ஜி22. அதில் மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து, ஹாங்காங் எல்லாமே இருந்தன.

1999-ல் அதைச் சுருக்கி ஜி20 ஆக்கினார்கள். முதல் கூட்டம் அந்த டிசம்பரில் பெர்லினில் நடந்தது. யாரைச் சேர்ப்பது என்று கனடா நிதியமைச்சர் பால் மார்ட்டினும் அமெரிக்காவின் லாரன்ஸ் சம்மர்சும் பேசிக்கொண்டிருந்தபோது கைவசம் தாள் இல்லையாம். ஒரு பழுப்பு உறையின் மேல் பெயர்களைக் கிறுக்கினார்கள் என்று பின்னாளில் செய்தி வந்தது. உலகப் பொருளாதாரத்தைப் பங்குபோடும் அறையில் ஒரு வெள்ளைத்தாள் கிடைக்கவில்லை என்றால் கிராணிக்குக் கோபம் வராதா? ஆனால் கணக்கு சாதாரணக் கணக்குதான். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் பெரிய நாடு ஒன்றிரண்டு. தென்கிழக்காசியாவுக்கு ஓரிடம் என்றால் மக்கள்தொகையைப் பார்த்து அது இந்தோனேசியாவுக்குப் போய்விடும்.

அப்போது யாருக்கும் பெரிய வருத்தமில்லை. நிதியமைச்சர்களும் மத்திய வங்கி ஆளுநர்களும் மட்டும் கூடிப் பேசும் இடமாகத்தான் இருந்தது. 2008 செப்டம்பரில் அமெரிக்க வங்கி லேமன் பிரதர்ஸ் கவிழ்ந்த பிறகுதான், அந்த நவம்பரில் தலைவர்களே வாஷிங்டனுக்கு ஓடினார்கள். அடுத்த வருஷம் பிட்ஸ்பர்க்கில், உலகப் பொருளாதாரம் பேசுவதற்கு இனி இதுதான் முதன்மை மன்றம் என்று அறிவித்துக்கொண்டார்கள். 2023-ல் புதுடில்லியில் ஆப்பிரிக்க ஒன்றியத்தையும் சேர்த்தார்கள். இப்போது 19 நாடுகள், இரண்டு ஒன்றியங்கள்.

நமக்கு அழைப்பு வருவது ஆசியான் தலைமை கையில் இருக்கும் வருஷங்களில். 2015-ல் துருக்கியின் அந்தால்யா, 2025-ல் ஜொகானஸ்பர்க். கல்யாண வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரிதான்: இலை போடுவார்கள், முகூர்த்தம் குறிக்கும்போது கேட்கமாட்டார்கள். பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா முதலான நாடுகளின் பிரிக்ஸ் அமைப்பிலும் 2025 ஜனவரியிலிருந்து நாம் பங்காளி நாடு, முழு உறுப்பினர் இல்லை. இந்தோனேசியா அங்கேயும் முழு உறுப்பினர் ஆகிவிட்டது. சார் கேட்ட வருத்தம் நியாயம்தான்.

கே: ஜி20-யின் தலைமையகம் எங்கே இருக்கிறது? ஒரு மனு அனுப்ப வேண்டும்.
*வாசகர், தைப்பிங்*

ப: அப்படி ஒரு கட்டடமே கிடையாது. நிரந்தரச் செயலகம் இல்லை, சட்டம் இல்லை, அபராதம் இல்லை. ஒரு வருஷத்துக்கு ஒரு நாடு தலைமை ஏற்கும். 2026-க்கு அமெரிக்கா. மனுவை நம் வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ராவுக்கே எழுதுங்கள், முத்திரைச் செலவாவது மிச்சம்.

கே: கிராணி அண்ணே, கடலில் பிளாஸ்டிக்கே இல்லாமல் செய்யப்போவதாக மாநாட்டுக்கு மாநாடு சொல்கிறார்கள். நான் பார்த்தது என்னவோ வெள்ளைக்காரன் குப்பை நம் துறைமுகத்தில் வந்து இறங்கியதைத்தான். அந்தப் பேச்சுக்கும் இந்தக் குப்பைக்கும் சம்பந்தம் உண்டா?
*இல்லத்தரசி, பட்டர்வொர்த்*

ப: அம்மா, நீங்கள் என் தொழிலுக்குள்ளேயே வந்துவிட்டீர்கள். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

வெளிநாட்டுச் சரக்கு உள்ளே வரும்போது சுங்கத்துக்கு கே1 பாரம் போடுவோம். அதில் ஒவ்வொரு சரக்குக்கும் எச்எஸ் கோட் என்று ஓர் எண் உண்டு. 3915 என்றால் பிளாஸ்டிக் கழிவு, துண்டு, உதிரி. அதற்கு ஏபி வேண்டும், அதாவது முன்கூட்டியே அரசாங்க அனுமதி. 3920 என்றால் பிளாஸ்டிக் தகடு, ஏடு. அதற்கு அந்த அனுமதி கேட்கமாட்டார்கள். கடைசி இரண்டு இலக்கம் மாறினால் குப்பை சரக்காகிவிடும்! திருட்டுத்தனமாக வந்த கண்டெய்னர்கள் பலவும் இந்த வழியாகத்தான் நுழைந்தன.

ஒரு கண்டெய்னரைத் திறந்தபோது பக்கத்தில் நின்றிருக்கிறேன். சீலை வெட்டிக் கதவை இழுத்ததும் முதல் இரண்டு வரிசையில் சுத்தமான பிளாஸ்டிக் ஏடு, கட்டுக் கட்டாக, பார்க்கவே அழகாக. ஃபோர்க்லிஃப்ட் அதை வெளியே எடுத்ததும்தான் பின்னால் இருந்தது தெரிந்தது: நசுங்கிய பால் டப்பா, உருளைக்கிழங்குப் பொரி பாக்கெட், நாய்த் தீனிப் பை, குழந்தை டயப்பர். புளித்த பால் வாடை. அடியிலிருந்து பழுப்பாகத் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. பத்திரத்தில் எல்லாம் சரியாகவே இருந்தது, கையெழுத்து, முத்திரை, விலை, எடை எதிலும் குறை சொல்ல முடியாது.

இது ஏன் நம் தலையில் விழுந்தது? 2018 தொடக்கத்தில் சீனா பிளாஸ்டிக் கழிவு இறக்குமதியை நிறுத்திவிட்டது. அதுவரை பணக்கார நாடுகள் ‘மறுசுழற்சி’ என்று எழுதி அனுப்பியதெல்லாம் அங்கேதான் போய்க்கொண்டிருந்தது. கதவு மூடியதும் அந்தக் கப்பல்கள் இந்தப் பக்கம் திரும்பின. ஜெஞ்சாரோமிலும் சுங்கைப்பட்டாணியிலும் ராத்திரியில் பிளாஸ்டிக் எரிக்கும் நாற்றத்தில் சனங்கள் தூங்க முடியாமல் தவித்தது உங்களுக்கும் நினைவிருக்கும்.

இப்போது இரண்டு தேதியைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 2019 ஜூன் கடைசியில் ஒசாகாவில் ஜி20 மாநாடு. ‘ஒசாகா நீலக்கடல் தொலைநோக்கு’ என்று அறிவித்தார்கள்: 2050-க்குள் கடலில் புதிதாகச் சேரும் பிளாஸ்டிக் மாசைச் சுழியமாக்குவோம் என்று. யார் எவ்வளவு குறைக்க வேண்டும், குறைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வரி இல்லை. அதற்கு முந்தின மாதம், மே 2019-ல், ஆபத்தான கழிவை நாடு விட்டு நாடு அனுப்புவதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கையை ஜெனீவாவில் திருத்தினார்கள். நார்வே கொண்டுவந்த திருத்தம். கலப்படமான, அழுக்கான பிளாஸ்டிக் கழிவை அனுப்ப வேண்டுமென்றால், வாங்கும் நாடு முன்கூட்டியே எழுத்தில் சம்மதிக்க வேண்டும். 2021 ஜனவரி 1 முதல் அமல். பத்திரிகைகளின் முதல் பக்கத்தில் ஒசாகாவில் தலைவர்கள் கைகுலுக்கிய படம் வந்தது. ஜெனீவாச் செய்தி உள்ளே எங்கேயோ. ஆனால் கவுண்டருக்கு வந்தது ஜெனீவாதான்.

2020 ஜனவரியில் அப்போதைய அமைச்சர் இயோ பீ யின், 150 கண்டெய்னர்களை, மொத்தம் 3,737 டன், 13 நாடுகளுக்குத் திருப்பி அனுப்பியாகிவிட்டது என்று கணக்குச் சொன்னார். பிரான்சுக்கு 43, பிரிட்டனுக்கு 42, அமெரிக்காவுக்கு 17. பினாங்குத் துறைமுகத்திலிருந்து போனவையும் அதில் உண்டு. செலவை நம் அரசாங்கம் ஏற்கவில்லை. அந்தப் பட்டியலில் முன்வரிசையில் இருந்த மூன்று நாடுகளுமே ஒசாகா மேசையில் உட்கார்ந்திருந்தவை என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை.

அமெரிக்கா பாசல் உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டதோடு சரி, இன்னும் உறுதிப்படுத்தவில்லை. அதனால் 2025 ஜூலை 1 முதல் நாம் புது விதி கொண்டுவந்தோம்: உடன்படிக்கையில் சேராத நாட்டிலிருந்து பிளாஸ்டிக் கழிவு வரக்கூடாது. ஐரோப்பிய ஒன்றியமும் தன் பங்குக்கு ஒரு தேதி போட்டிருக்கிறது. 2026 நவம்பர் 21 முதல், ஓஇசிடி என்ற பணக்கார நாடுகளின் அமைப்பில் இல்லாத நாடுகளுக்குப் பிளாஸ்டிக் கழிவு அனுப்பத் தடை. நாம் ஓஇசிடியில் இல்லை, ஆகவே நமக்கு வராது. எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

உலகம் முழுவதற்கும் ஒரே பிளாஸ்டிக் ஒப்பந்தம் போடும் வேலையும் நடந்தது. 2024 கடைசியில் பூசானில் முடியவில்லை, 2025 ஆகஸ்டில் ஜெனீவாவிலும் முடியவில்லை. எண்ணெய் விற்கும் நாடுகள் உற்பத்தியைக் குறைக்கும் பேச்சே வேண்டாம் என்கின்றன. பிளாஸ்டிக் எண்ணெயிலிருந்துதானே பிறக்கிறது. பேச்சுக்கும் குப்பைக்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்டீர்கள். உண்டு, ஆனால் அது எந்த அறையில் பேசிய பேச்சு என்று பார்க்க வேண்டும்.

கே: டீசல் மானியத்தை எடுத்தது ஜி20 சொல்லியா, உலக வங்கி சொல்லியா? எங்கள் ஆட்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
*வேன் ஓட்டுநர், பிறை*

ப: எடுத்தது நம் அரசாங்கம்தான் தம்பி. 2024 ஜூன் 10, தீபகற்பத்தில் ஒரே ராத்திரியில் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளி. யாரும் துப்பாக்கி வைத்துச் சொல்லவில்லை. கஜானா ஓட்டை, தாய்லாந்துப் பக்கம் கடத்தல், இரண்டும் போதுமான காரணம்.

ஆனால் உங்கள் ஆட்கள் சொல்வதிலும் ஒரு நூலிழை உண்மை இருக்கிறது. 2009-ல் பிட்ஸ்பர்க்கில் ஜி20 தலைவர்கள், வீணான எண்ணெய் மானியங்களை ‘நடுத்தரக் காலத்தில்’ படிப்படியாக நீக்குவோம், ஏழைகளுக்குக் குறிவைத்து உதவுவோம் என்று எழுதிவைத்தார்கள். அதே வருஷம் நவம்பரில் சிங்கப்பூரில் நடந்த, ஆசிய-பசிபிக் நாடுகளின் ஏபெக் மாநாட்டிலும் அதே வாக்கு. ஏபெக்கில் நாம் உறுப்பினர், அதனால் அந்த வாக்கில் நம் கையும் இருக்கிறது.

நடுத்தரக் காலம் என்றால் எத்தனை வருஷம்? எழுதவில்லை. எழுதாததால்தான் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள் என்பது என் எண்ணம். 2022-ல் உலகம் முழுக்கப் புதைபடிவ எரிபொருளுக்குக் கொடுத்த நுகர்வு மானியம் ஒரு டிரில்லியன் டாலரைத் தாண்டியது என்று அனைத்துலக எரிசக்தி நிறுவனம் கணக்குப் போட்டது. வாக்குக் கொடுத்துப் பதின்மூன்று வருஷம் கழித்து இந்த நிலைமை.

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். வெளிநாட்டு வண்டிக்கும் தொழிற்சாலை முதலாளி வண்டிக்கும் நம் வரிப்பணத்தில் டீசல் ஊற்றியது தப்புத்தான். ஆனால் ‘ஏழைக்குக் குறிவைத்து உதவி’ என்ற பாதி வரிதான் கஷ்டமான பாதி. மாதம் 200 வெள்ளி புடி மடானி உதவித்தொகை, சரக்கு வண்டிக்கு மானிய டீசல் வாங்கும் ஃப்ளீட் கார்டு என்று வைத்தார்கள். கார்டு கிடைத்தவருக்குப் பிரச்சினை இல்லை. வண்டி ஒரு பெயரில், ஓட்டுபவர் இன்னொரு பெயரில் என்று ஓடிக்கொண்டிருந்தவர்கள்தான் கவுண்டர் கவுண்டராக அலைந்தார்கள். 2025 செப்டம்பர் 30-ல் ரோன்95 பெட்ரோலுக்கு வந்தபோது கொஞ்சம் கற்றுக்கொண்டிருந்தார்கள் என்று தோன்றுகிறது. மைக்கார்டை, அதாவது அடையாள அட்டையைக் காட்டினால் லிட்டர் 1.99 வெள்ளி, மாதம் 300 லிட்டர், தனியாக மனுப் போட வேண்டியதில்லை என்று அப்போது தொடங்கினார்கள். உங்களுக்கும் கார்டு கிடைப்பதில் சிக்கல் என்றால், வண்டிப் பதிவும் தொழில் பதிவும் ஒரே பெயரில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் எழுதுங்கள்.

கே: அமெரிக்கா வராத மாநாடு ஒரு மாநாடா, அங்கிள்? பள்ளிக் கட்டுரைக்குக் கேட்கிறேன்.
*படிவம் 6 மாணவி, ஜார்ஜ்டவுன்*

ப: வராவிட்டாலும் நடந்தது, முதல் நாளே கூட்டறிக்கையும் வந்துவிட்டது. வழக்கமாகக் கடைசி நாள்தான் வரும். கட்டுரையில் அதை எழுதினால் வாத்தியார் கவனிப்பார். அறிக்கையில் பேரிடர், கடன், பசுமை எரிசக்திக்கு மாறப் பணம் என்று நல்ல தலைப்புகள் உண்டு. இன்னொரு கணக்கும் சேர்த்துக்கொள்: ஐநாவின் 2030 வளர்ச்சி இலக்குகளில் 35 விழுக்காடுதான் சரியாகவோ ஓரளவாவதோ நகர்கின்றன, 18 விழுக்காடு பின்னோக்கிப் போகின்றன என்று 2025 அறிக்கை சொல்கிறது.

கே: எங்கள் ஃபேக்டரிக்கு வரிச்சலுகை போகப்போகிறது, கம்பெனி வியட்நாமுக்கு ஓடிவிடும் என்று பேச்சு. 15 விழுக்காடு என்று ஏதோ சொல்கிறார்களே, அது என்ன?
*ஆபரேட்டர், பாயான் லெப்பாஸ்*

ப: மாநாட்டுப் பேச்சு நேராக உங்கள் ஃபேக்டரி வாசலுக்கே வந்த அபூர்வமான சங்கதி இது. பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வலயமே 1972-ல் வரிச்சலுகை காட்டித்தான் பிறந்தது. இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையை அங்கே போட்டதும் அந்த வருஷம்தான். அதைப் பார்த்து எல்லா நாடும் நீ பத்து வருஷம் விட்டால் நான் பதினைந்து வருஷம் விடுகிறேன் என்று இறங்கின. கடைசியில் லாபமெல்லாம் வரியே இல்லாத தீவுகளில் போய்க் குந்தியது.

2021 அக்டோபரில் 136 நாடுகள் ஒத்துக்கொண்டன, அதே மாதக் கடைசியில் ரோமில் ஜி20 தலைவர்கள் ஆமாம் போட்டார்கள்: வருஷத்துக்கு 75 கோடி யூரோவுக்கு மேல் வருமானம் உள்ள பன்னாட்டு நிறுவனம் எந்த நாட்டிலும் குறைந்தது 15 விழுக்காடு கட்ட வேண்டும். நாம் இங்கே வாங்காமல் விட்டால், பாக்கியை அந்த நிறுவனத்தின் தாய்நாடு வாங்கிக்கொள்ளும். யாராவது வாங்கத்தான் போகிறார்கள் என்றால் நாமே வாங்குவோம் என்று மலேசியா 2025 ஜனவரி 1 முதல் மேல்வரி விதித்தது. வியட்நாமும் அதற்கு முந்தின வருஷமே தொடங்கிவிட்டது. ஆகவே வரிக்காக மட்டும் யாரும் அங்கே ஓட வேண்டியதில்லை.

இதில் ஒரு கோணல். 2025 ஜூனில் ஜி7 நாடுகள், அமெரிக்கத் தாய்நிறுவனங்களுக்கு இந்த ஏற்பாட்டின் முக்கியப் பகுதியிலிருந்து விலக்குத் தரச் சம்மதித்துவிட்டன. பெரியவன் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் திருத்தம் கேட்டால் கிடைக்கிறது. நமக்குக் கிடைக்குமா?

கே: நான் லிட்டில் இந்தியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறேன். ஊர் இராமநாதபுரம். மாதாமாதம் பணம் அனுப்பும்போது இடையில் எவ்வளவு போகிறது என்றே புரியவில்லை. இதைப் பற்றியும் அந்தத் தலைவர்கள் பேசுவார்களா?
*வாசகர், பினாங்கு*

ப: பேசுகிறார்கள், ரொம்ப நாளாக. 2011-ல் பிரான்சின் கான் நகரில் நடந்த ஜி20 மாநாட்டில் அனுப்பும் செலவை 5 விழுக்காட்டுக்குக் கொண்டுவருவதாகச் சொன்னார்கள். ஐநாவின் 2030 இலக்கில் 3 விழுக்காட்டுக்கும் கீழே. உலக வங்கியின் கணக்கில் உலகச் சராசரி இன்னும் 6 விழுக்காட்டுக்கு மேல்தான். 2020-ல் எல்லை தாண்டும் பணத்துக்கென்றே ஜி20 ஒரு திட்டம் போட்டு, 2027-க்குள் பெரும்பகுதியை முடிப்பதாக இலக்கு வைத்தது. அது நேரத்தோடு முடியாது என்று அவர்களுடைய கண்காணிப்பு வாரியமே சொல்லிவிட்டது.

உருப்படியாக நகர்வது ஒன்று உண்டு. நம் உடனடிப் பணப்பரிமாற்ற முறையான டூயிட்நவ் சிங்கப்பூரின் பேநவோடு 2023 நவம்பரில் இணைந்தது. இந்தியா, மலேசியா, பிலிப்பீன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து ஐந்தின் உடனடிப் பணக் கட்டமைப்பையும் ஒன்றாகக் கோக்க ‘நெக்சஸ்’ என்ற திட்டம் தயாராகிறது. அது வந்தால் உங்கள் வீட்டு யூபிஐ-க்கு இங்கிருந்தே நேராகப் போடலாம்.

அதுவரைக்கும் நீங்கள் செய்ய வேண்டியது சுலபம். ‘கட்டணம் இல்லை’ என்ற போர்டைப் பார்த்து உள்ளே போகாதீர்கள். கட்டணத்தை விட்டுவிட்டு மாற்று விகிதத்தில் எடுத்துக்கொள்வார்கள். மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் இரண்டு கடையில் ஒரே கேள்வி கேளுங்கள்: “கையில் ஆயிரம் வெள்ளி இருக்கிறது, எல்லாம் போக ஊரில் எத்தனை ரூபாய் விழும்?” வேறு எந்தக் கேள்வியும் வேண்டாம். எழுதித் தரச் சொல்லுங்கள். கைபேசிச் செயலியிலும் அதே ஆயிரத்தைப் போட்டுப் பாருங்கள். உரிமம் உள்ள கடைதானா என்பதை நம் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் பட்டியலில் பார்க்கலாம். முறையில்லாமல் தெரிந்த ஆளிடம் கொடுத்து அனுப்புவது மலிவாகத் தெரியும், பணம் தொலைந்தால் போலீசில் சொல்லக்கூட உங்கள் கையில் ஒரு துண்டுச் சீட்டு இருக்காது.

கே: இலங்கை திவாலானபோது இந்தப் பெரிய நாடுகள் எங்கே போயிருந்தன? என் அம்மா வழி யாழ்ப்பாணம். மருந்துக்கும் பெற்றோலுக்கும் அங்கே வரிசையில் நின்ற சொந்தங்கள் எங்களுக்கு இருக்கிறார்கள்.
*வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்*

ப: இருந்தார்கள், ஆனால் அவர்கள் வைத்திருந்த வாசலில் இலங்கைக்கு நுழைவு இல்லை. அதுதான் கொடுமை.

கோவிட் காலத்தில் ஜி20 ஏழை நாடுகளுக்காக இரண்டு காரியம் செய்தது. 2020 மே முதல் 2021 டிசம்பர் வரை கடன் தவணையை ஒத்திவைத்தது. தகுதி பெற்றது 73 நாடு, சேர்ந்துகொண்டது 48. அடுத்து 2020 நவம்பரில், பழைய பணக்கார நாடுகளும் சீனாவும் ஒரே மேசையில் உட்கார்ந்து கடனைத் திருத்தி எழுதப் ‘பொதுச் சட்டகம்’ என்று ஒரு முறை. இரண்டுமே மிக ஏழை நாடுகளுக்குத்தான். இலங்கை நடுத்தர வருமானப் பட்டியலில் இருந்தது. 2022 ஏப்ரலில் வெளிக்கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தபோது, இந்தச் சட்டகத்துக்குள் வர வழியில்லை.

அப்புறம் தனியாக ஒரு குழு அமைத்தார்கள். இந்தியா, ஜப்பான், பிரான்ஸ் மூன்றும் அதற்குத் தலைமை. சீனா அதில் சேராமல் தனியாகப் பேசியது. ஐஎம்எஃப் என்ற அனைத்துலக நாணய நிதியம் ஏறக்குறைய 3 பில்லியன் டாலர் திட்டத்துக்கு 2023 மார்ச்சில் ஒப்புதல் தந்தது. நாடுகளுடன் ஒப்பந்தம் 2024 ஜூனில், கடன்பத்திரம் வாங்கிய தனியார்களுடன் அந்த டிசம்பரில். கைவிரித்ததிலிருந்து இரண்டரை வருஷத்துக்கு மேல்.

வாசலுக்குள் போனவர்களுக்காவது சீக்கிரம் நடந்ததா? ஸாம்பியா 2020 நவம்பரில் தவணை தவறியது. பொதுச் சட்டகத்தில் மனுப் போட்டது. அரசாங்கக் கடன்காரர்கள் ஒத்துக்கொள்ள 2023 ஜூன் ஆகிவிட்டது. அதுவரை யாரும் புதுக்கடன் தரமாட்டார்கள், பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வெட்டு விழுந்துகொண்டே இருக்கும். கடன் கொடுத்தவர்களுக்குள் யார் முதலில் விட்டுக்கொடுப்பது என்ற இழுபறியை, வரிசையில் நிற்கிறவர்கள் தங்கள் நேரத்தால் கட்டுகிறார்கள். மனுப் போட்ட நாளிலிருந்து இத்தனை மாதத்துக்குள் முடிவு, அதுவரை தவணை நிறுத்தம் என்று ஒரு வரி எழுதினால் போதும். ஆப்பிரிக்க நாடுகள் கேட்டுக்கொண்டேதான் இருக்கின்றன. கடன் கொடுத்த பக்கம் தேதி போட மனசு வரவில்லை.

கே: எனக்கு ஏழு ஏக்கர் செம்பனை. இனி ஐரோப்பாவுக்கு எண்ணெய் போக வேண்டுமென்றால் சேட்டிலைட்டில் தோட்டத்தைப் படம்பிடித்துக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் குலையை வாங்கமாட்டோம் என்று டீலர் பயமுறுத்துகிறார். நிஜமா?
*சிறு தோட்டக்காரர், தெலுக் இந்தான்*

ப: பாதி நிஜம் ஐயா, பயப்படுகிற அளவுக்கு இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் ஒரு சட்டம் போட்டது. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த செம்பனை, ரப்பர், கோகோ, காப்பி, சோயா, மரம், மாடு எதுவும் அங்கே விற்கக்கூடாது. இரண்டு முறை தள்ளிவைத்தாகிவிட்டது. இப்போதைய தேதி பெரிய நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் கடைசி, சிறியவற்றுக்கு 2027 நடுவில்.

இது ஜி20 தீர்மானம் இல்லை, ஓர் உறுப்பினரின் சொந்தச் சட்டம். அந்த ஒரு சட்டம் உங்கள் டீலர் வாய்வரை வந்துவிட்டது, இருபது பேரின் அறிக்கைகள் வரவில்லை, பார்த்தீர்களா? எனக்கு இதில் கோபமும் உண்டு. 2025 மே மாதம் நாடுகளைத் தரம்பிரித்தபோது நம்மை நடுத்தர ஆபத்தில் வைத்தார்கள். தாய்லாந்தும் வியட்நாமும் குறைந்த ஆபத்து. காடு காக்க வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் பிரேசிலில் எரியும் காட்டுக்கும், நீங்கள் தாத்தா காலத்திலிருந்து வைத்திருக்கும் ஏழு ஏக்கருக்கும் அதே பாரம் என்பது நியாயமாகப் படவில்லை. மலேசியாவும் இந்தோனேசியாவும் 2023-ல் ஐரோப்பாவோடு ஒரு கூட்டுப் பணிக்குழு அமைத்தது இந்தச் சிறு தோட்டக்காரர் பிரச்சினையைப் பேசத்தான்.

சட்டப்படி பொறுப்பு ஐரோப்பாவில் இறக்குமதி செய்பவருடையது. அவர் ஆலையைக் கேட்பார், ஆலை டீலரைக் கேட்கும், டீலர் உங்களைக் கேட்கிறார். 4 ஹெக்டருக்குக் கீழே உள்ள நிலத்துக்கு எல்லைக்கோடு வரைந்து கொடுக்க வேண்டியதில்லை, ஓர் இடப்புள்ளி போதும். 4 ஹெக்டர் என்றால் பத்து ஏக்கர் கிட்ட வரும், உங்களுடையது ஏழு. ஆக, தோட்டத்தின் நடுவில் நின்று கைபேசியில் எடுக்கிற புள்ளி, தசமத்துக்குப் பின் ஆறு இலக்கத்தோடு. மகனிடமோ பேத்தியிடமோ சொன்னால் ஐந்து நிமிஷ வேலை. அதற்காக யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

கையில் இருக்க வேண்டியவை கெரான் என்ற நிலப்பட்டா, எம்பிஓபி என்ற மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் உரிமம், நிலைத்தன்மையோடு விளைவித்ததற்கான எம்எஸ்பிஓ சான்றிதழ். எம்எஸ்பிஓ 2020-லிருந்து கட்டாயம். சிறு தோட்டக்காரர்களைக் குழுவாகச் சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள். எங்கே, எப்படி என்று உங்கள் வட்டார எம்பிஓபி அலுவலகத்தில் சொல்வார்கள். கெரான் இன்னும் அப்பா பெயரிலோ தாத்தா பெயரிலோ கிடந்தால் அதுதான் உண்மையான தலைவலி. நில அலுவலகத்தில் பெயர் மாற்ற நாள் பிடிக்கும், ஆகவே அதை முதலில் தொடங்குங்கள். அப்புறம், அடுத்த முறை குலை ஏற்றும்போது டீலர் தரும் ரசீதில் உங்கள் உரிம எண் சரியாக இருக்கிறதா, இல்லை வேறு யாருடைய எண்ணிலாவது உங்கள் குலை போகிறதா என்று நின்று பாருங்கள்.